வேப்புக்கு மாறணும்னு பாக்குறேன், ஆனா கடைக்கு கடை ஒண்ணு சொல்றாங்க

கேள்வி: அக்கா, நான் லண்டன் ஈஸ்ட்ஹாம்ல இருக்கேன், சொந்த ஊர் தஞ்சாவூர் பக்கம். வயசு 36, ரெஸ்டாரன்ட் கிச்சன்ல வேலை. 14 வருஷமா தம் அடிக்கிறேன், பாக்கெட் வாங்கிக் கட்டுப்படி ஆகலன்னு இப்ப கையில சுருட்டுற ரோலிங்தான், ஒரு நாளைக்கு 15-ல இருந்து 18 வரைக்கும் போகும். காலைல எழுந்து டீ குடிக்கிறதுக்கு முன்னாடியே ஒண்ணு வேணும். அப்பாவுக்கு 52 வயசுல ஹார்ட் அட்டாக் வந்துச்சு, அந்த பயத்துல வேப்புக்கு, அதான் எலக்ட்ரானிக் சிகரெட்டுக்கு, மாறலாம்னு எங்க தெரு முனையில இருக்க கடைக்காரர்கிட்ட கேட்டேன். யாழ்ப்பாணத்து அண்ணன், நல்லா பழக்கம். அவர் ஒரு பெரிய மிஷினும் மில்லிக்கு 3 எம்ஜி நிகோடின் இருக்க ஜூஸும் குடுத்தார், புகை மண்டலமா வருது ஆனா தம் அடிச்ச திருப்தி சுத்தமா இல்ல. அப்புறம் கவுன்டருக்கு கீழ இருந்து 12,000 பஃப்னு, அதாவது அத்தனை இழுப்பு வரும்னு, ஒண்ணு எடுத்துக் குடுத்தார், அதை இழுத்தா தலை சுத்தி வாந்தி வந்துடுச்சு. சரின்னு ஹை ஸ்ட்ரீட்ல வேப் மட்டும் விக்கிற கடைக்குப் போனேன், அந்தப் பையன் வேகமா இங்கிலீஷ்ல என்னென்னமோ சொல்லி ஒரு பாட் கிட்டை, அதான் ஜூஸ் டப்பாவைக் கழட்டி மாட்டுற சின்ன வேப்பை, தலையில கட்டிட்டான், மூணாவது நாளே சார்ஜ் ஏறல, திருப்பிக் கொண்டுபோனா வாயில வச்ச பொருளை எடுக்க மாட்டோம்ங்கிறான். இப்ப வேப்பும் அடிக்கிறேன், சிகரெட்டும் ஆறேழு ஓடுது. வீட்ல அவ வேற, வேப் சிகரெட்டை விட மோசம், நுரையீரல் பாப்கார்ன் மாதிரி ஆயிடும், இந்தியாவுலயே தடை பண்ணிட்டாங்கன்னு சண்டை போடுறா. டிசம்பர்ல ஊருக்கும் போறோம். நான் என்ன பண்ணட்டும்?

பதில்:

தம்பி, லெட்டர் படிச்சேன். நான் இங்க பார்மசிஸ்ட்டா இருக்கேன், ஸ்டாப் ஸ்மோக்கிங் கிளினிக்கும் பாக்குறேன், நீங்க எழுதினதுல பாதி கதை என்கிட்ட வர்றவங்க முக்கால்வாசிப் பேர் சொல்றதுதான். முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன், உங்களுக்கு மன உறுதி இல்லாததால இது தோத்துப் போகல, உங்க கைக்கு வந்த மூணு பொருள்ல ரெண்டு உங்களுக்கு ஏத்தது இல்ல, மூணாவது ரிப்பேரான பொருள். அதை சரி பண்ணிட்டா மீதி வேலை பாதி முடிஞ்ச மாதிரி.

உங்க லெட்டர்ல எனக்கு ரொம்ப முக்கியமா பட்டது அந்த டீக்கு முன்னாடி ஒண்ணுங்கிற வரிதான். எழுந்த அரை மணி நேரத்துக்குள்ள முதல் சிகரெட் பத்த வைக்கிற ஆளுக்கு நிகோடின் பிடிமானம் ஜாஸ்தின்னு அர்த்தம், கிளினிக்ல நாங்க கேக்குற முதல் கேள்வியே அதான். அந்த மாதிரி ஆளுக்கு 3 எம்ஜி ஜூஸ் குடுத்தா எப்படி பத்தும்? அந்தப் பெரிய மிஷின் நேரா நெஞ்சுக்குள்ள இழுக்கிற வகை, சப்-ஓம்னு சொல்லுவாங்க, அது ஒரே இழுப்புல நிறைய ஆவி குடுக்கும், அதனாலதான் அதுக்கு 3 எம்ஜி, 6 எம்ஜின்னு கம்மியா ஊத்துறாங்க. ஏற்கனவே வேப் பழகினவங்க பொழுதுபோக்கா அடிக்கிறது அது. சிகரெட் குடிக்கிறவங்க அப்படி இழுக்கிறது கிடையாதுல்ல, முதல்ல வாய்க்கு இழுத்து அப்புறம்தான் உள்ள வாங்குவீங்க. அதுக்கு ஏத்த மாதிரி செஞ்சதுதான் மவுத்-டு-லங் பாட் கிட், சின்னதா விரல் அளவுக்கு இருக்கும், உள்ள ஜூஸை சூடு பண்ற கம்பிச்சுருள், அதான் காயில், 0.8 ஓம்ல இருந்து 1.2 ஓம் வரைக்கும் இருக்கும், ஜூஸ் 50/50 (அதுல இருக்க ரெண்டு திரவமும் சரிபாதி) நிக் சால்ட் (தொண்டையை அவ்ளோ உறுத்தாத நிகோடின் வகை), ஸ்ட்ரெங்த் 20 எம்ஜி. பிரிட்டன்ல சட்டம் அனுமதிக்கிற உச்சபட்சமே மில்லிக்கு 20 எம்ஜிதான், உங்களுக்கு அதுலயே ஆரம்பிக்கணும். பயப்படாதீங்க, 20-ன்னா ஜாஸ்தி, 3-ன்னா நல்லதுன்னு நினைச்சுத்தான் நிறைய பேர் ஒரு வாரத்துல திரும்ப ரோலிங் பாக்கெட்டை எடுத்துடுறாங்க. உடம்பு கேக்குற நிகோடினை அது எப்படியாவது வாங்கிக்கும், வேப்ல கிடைக்கலன்னா சிகரெட்ல எடுத்துக்கும், அவ்ளோதான் விஷயம்.

2019-ல லண்டன் குயின் மேரி யுனிவர்சிட்டிக்காரங்க 886 பேரை வச்சு ஒரு ஆய்வு பண்ணாங்க, பாதிப் பேருக்கு நிகோடின் பேட்ச், கம் மாதிரி சமாச்சாரம், பாதிப் பேருக்கு ரீஃபில் பண்ற வேப். அந்த வேப் கிட் கூட குடுத்த பாட்டில் 18 எம்ஜி, கவனிங்க, 3 இல்ல. கூடவே ரெண்டு குரூப்புக்கும் குறைஞ்சது நாலு வாரத்துக்கு வாரா வாரம் ஒரு ஆள் உக்காந்து பேசுவாங்க. ஒரு வருஷம் கழிச்சுப் பாத்தா வேப் குரூப்ல 18% பேர் சிகரெட்டை விட்டிருந்தாங்க, மத்த குரூப்ல 9.9% பேர். ரெண்டு மடங்கு கிட்ட. ஆனா முழுசையும் சொல்லணும்ல, வேப்ல விட்டவங்கள்ல 80% பேர் அப்பவும் வேப் அடிச்சுட்டுதான் இருந்தாங்க. சிகரெட் போனதே பெரிய விஷயம்னு நான் நினைக்கிறேன், வேப்பை அப்புறமா மெதுவா குறைச்சு விட்டுக்கலாம், அதுக்கு அவசரமே படக் கூடாது.

இப்ப அந்த 12,000 பஃப் சமாச்சாரம். தயவுசெஞ்சு அதைத் தூக்கிப் போடுங்க, ஆனா குப்பைத் தொட்டியில போடாதீங்க, உள்ள லித்தியம் பேட்டரி இருக்கு, நசுங்கினா தீப்பிடிக்கும், வேப் விக்கிற எந்தக் கடையும் பழசைத் திரும்ப வாங்கி ரீசைக்கிள் பண்ற ஏற்பாடு வச்சிருக்கணும்னு சட்டம் இருக்கு, அங்க குடுங்க. 2025 ஜூன் 1-ல இருந்து இந்த நாட்டுல டிஸ்போசபிள் வேப், அதாவது தீந்ததும் தூக்கிப் போடுற வேப், விக்கிறதே தடை. விக்கணும்னா ரீசார்ஜ் பண்ற மாதிரியும் இருக்கணும், ரீஃபில் பண்ற மாதிரியும் இருக்கணும். டேங்க்ல 2 மில்லிக்கு மேல ஜூஸ் இருக்கக் கூடாது, நிகோடின் ஜூஸ் பாட்டில் 10 மில்லிக்கு மேல போகக் கூடாது. சில கம்பெனிங்க 2 மில்லி பாட் கூட தனியா 10 மில்லி ரீஃபில் கன்டெய்னர் மாட்டி சட்டத்துக்கு உட்பட்டே பெரிய பஃப் கணக்கு காட்டுறாங்க, அது வேற. கவுன்டருக்கு கீழ இருந்து வர்றது வேற.

உங்களுக்கு ஏன் வாந்தி வந்துச்சுன்னு எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு. அந்த டப்பா இன்னும் இருந்தா எடுத்துப் பாருங்க, 5%-னு போட்டிருக்கா, 2%-னு போட்டிருக்கா? 2%-ன்னா 20 எம்ஜி, 5%-ன்னா 50 எம்ஜி, அது இந்த மார்க்கெட்டுக்கு வந்த சரக்கே இல்ல. தலை சுத்து, குமட்டல், வாந்தி, நெஞ்சு படபடன்னு அடிக்கிறது எல்லாம் நிகோடின் ஓவரா போனா வர்றது. இன்னொண்ணும் பாருங்க, முன்னாடியும் பின்னாடியும் கறுப்பு வெள்ளையில பெரிய எழுத்துல நிகோடின் எச்சரிக்கை இருக்கணும், அந்தப் பக்கத்துல 30% இடத்தை அது அடைச்சிருக்கணும். அது இல்லன்னாலோ ஸ்டிக்கர் மாதிரி மேல ஒட்டியிருந்தாலோ வாங்கவே வாங்காதீங்க. எம்ஹெச்ஆர்ஏ-ன்னு மருந்துகளைக் கண்காணிக்கிற அரசாங்க அமைப்பு இருக்கு, அவங்க வெப்சைட்ல பதிவான வேப், ஜூஸ் லிஸ்ட் முழுக்க இருக்கு, பேர் போட்டுத் தேடினா கடையில நின்னுட்டே பாத்துடலாம். இதை நான் சும்மா பயமுறுத்தச் சொல்லல. பாத் யுனிவர்சிட்டிக்காரங்க இங்கிலாந்து ஸ்கூல்கள்ல பசங்ககிட்ட இருந்து பறிமுதல் பண்ண வேப்புகளை டெஸ்ட் பண்ணி 2024-ல சொன்னாங்க, ஆறுல ஒண்ணுல ஸ்பைஸ்ங்கிற போதை மருந்து கலந்திருந்துச்சாம். எங்க இருந்து வந்துச்சுன்னே தெரியாத பொருளை நுரையீரலுக்குள்ள விடாதீங்க.

அண்ணன் கடை விஷயத்துக்கு வர்றேன், உங்களுக்கு அங்கதான் சங்கடம்னு புரியுது. அவர் கெட்ட எண்ணத்துல குடுத்தார்னு நான் நினைக்கல. மூலைக்கடை வச்சிருக்கவங்களுக்கு பால், பிரெட், லாட்டரி, மொபைல் டாப்-அப்னு நூறு வேலை, அதுல வேப்பும் ஒண்ணு, ஹோல்சேல்காரன் எது மார்ஜின் ஜாஸ்தின்னு தள்ளிவிடுறானோ அது ஷெல்ஃப்ல இருக்கும், ஓம்னா என்ன, நிக் சால்ட்னா என்னன்னு அவங்களுக்கு யாரும் சொல்லிக் குடுக்கல. ஆனா கவுன்டருக்கு கீழ வச்சு விக்கிறவருக்கு அது தப்புன்னு தெரியாம இருக்காது. டிஸ்போசபிள் வித்து மாட்டினா இங்கிலாந்துல முதல் தடவையே 200 பவுண்ட் ஃபைன், மறுபடி மாட்டினா கோர்ட் வரைக்கும் போகலாம். உரிமையா சொல்லுங்க, அண்ணா இது உங்களுக்கும் ஆபத்து, எனக்கும் ஒத்துக்கல, இனிமே வேணாம்னு. அவரைப் பத்தி கம்ப்ளெயின்ட் பண்ணுங்கன்னு உங்களை நான் நெருக்க மாட்டேன். ஆனா அந்த மாதிரி சரக்கு ஸ்கூல் யூனிஃபார்ம் போட்ட பசங்க கைக்குப் போறதை நீங்க கண்ணால பாத்தா யோசிக்கவே கூடாது, சிட்டிசன்ஸ் அட்வைஸ் கன்ஸ்யூமர் ஹெல்ப்லைன் 0808 223 1133, அங்க சொன்னா அவங்க கடைகளைக் கண்காணிக்கிற டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸ் ஆளுங்ககிட்ட சேத்துடுவாங்க, உங்க பேர் சொல்ல வேண்டாம்னு கேட்டுக்கலாம்.

இன்னொரு உதவி அந்த அண்ணன்கிட்ட கேக்கலாம், இது என் கிளினிக்ல நிறைய பேருக்கு வேலை செஞ்சிருக்கு. பழக்கமான கடைன்னா நீங்க உள்ள நுழைஞ்சதுமே உங்க ரோலிங் பாக்கெட்டும் சுருட்டுற ரிஸ்லா பேப்பரும் கவுன்டர் மேல வந்துடும்ல, கேக்கக்கூட வேண்டாம். பகல்ல, தெம்பா இருக்கும்போது போய் சொல்லிடுங்க, அண்ணா நான் விடப் பாக்குறேன், இனிமே நானே வந்து கேட்டாலும் எனக்குக் குடுக்காதீங்கன்னு. நம்ம ஆளுங்க இதை லேசா எடுத்துக்க மாட்டாங்க, வியாபாரம் போனாலும் பரவாயில்லன்னு மறுக்கிற கடைக்காரங்களை நான் பாத்திருக்கேன், வர்றப்பல்லாம் எப்படிப் போகுது தம்பின்னு விசாரிப்பாங்க. அந்த விசாரிப்புக்கு ஒரு சக்தி உண்டு.

ஏன்னா நீங்க திரும்ப சிகரெட் எடுக்கிற நேரம் எதுன்னு எனக்குத் தெரியும். ராத்திரி பதினொன்றரைக்கு ஷிஃப்ட் முடிஞ்சு வெளிய வர்றீங்க, காலு வலி, பசி, வேப் எடுத்தா பேட்டரி செத்துக் கிடக்கு, இல்லன்னா காயில் கருகின வாசனை வருது, வேப் கடை ஆறு மணிக்கே மூடிட்டான், திறந்திருக்கிறது மூலைக்கடை மட்டும்தான். அந்த ராத்திரிக்கு ஏற்பாடு பண்ணி வச்சுட்டா போதும். ரெண்டு டிவைஸ் வாங்குங்க, ரெண்டும் ஒரே மாடல், பாட் மாத்தி மாத்திப் போட்டுக்கலாம். வேலை செய்ற இடத்துல லாக்கர்ல ஒரு சார்ஜர் கேபிள், ஒரு ஸ்பேர் பாட், ஒரு பாட்டில் ஜூஸ். வாங்குறதுக்கு முன்னாடியே கேளுங்க, இந்த மாடலுக்கு பாட் எப்பவும் வச்சிருப்பீங்களான்னு, புது மாடல் ஆஃபர்ல குடுக்கிறான்னு வாங்கிட்டு ரெண்டு மாசத்துல பாட் கிடைக்காம திண்டாடுறவங்க நிறைய.

ஹை ஸ்ட்ரீட் கடையில அந்தப் பையன் வேகமா பேசினான்னு எழுதியிருந்தீங்க. அவனைப் பேச விடாதீங்க, போனதும் நீங்க முதல்ல சொல்லுங்க. இப்படியே சொல்லலாம்: "ஐ ஸ்மோக் எய்ட்டீன் ரோல்-அப்ஸ் எ டே. ஐ வான்ட் எ ஸ்மால் மவுத் டு லங் பாட் கிட், ட்வென்டி நிக் சால்ட், ஃபிஃப்டி ஃபிஃப்டி. நத்திங் எல்ஸ் டுடே." போன்ல டைப் பண்ணிக் காட்டினாலும் தப்பில்ல, வெக்கப்பட ஒண்ணும் இல்ல. நல்ல கடைக்காரன்னா உங்களை எத்தனை குடிக்கிறீங்க, எப்படி இழுக்குறீங்கன்னு திருப்பிக் கேப்பான், பாட்டை எப்படி நிரப்பணும்னு கையில எடுத்துக் காட்டுவான், ஃப்ளேவர் முகர்ந்து பாக்கவோ டெஸ்ட் பண்ணவோ விடுவான். கேக்காம நேரா விலை ஜாஸ்தியான மிஷினைக் காட்டினா வணக்கம் சொல்லிட்டு அடுத்த கடைக்குப் போயிடுங்க. ஃப்ளேவர் ஒண்ணே ஒண்ணு வாங்காதீங்க, டொபாக்கோ ஒண்ணு, மின்ட் இல்ல பழம் ஒண்ணு. சிகரெட் மாதிரியே டொபாக்கோ டேஸ்ட் வேணும்னு ஆரம்பிக்கிறவங்க சீக்கிரமே மின்ட், பழம்னு போயிடுறாங்க, போறதும் நல்லதுதான், நாக்குக்கு சிகரெட் ஞாபகம் மறக்கும்.

சார்ஜ் ஏறாத அந்த கிட் விஷயத்துல அவன் சொன்னது செல்லாது. 2015-ம் வருஷத்து கன்ஸ்யூமர் ரைட்ஸ் ஆக்ட் படி பொருள்ல குறை இருந்தா வாங்கின 30 நாளைக்குள்ள திருப்பிக் குடுத்து முழுப் பணத்தையும் கேக்க உங்களுக்கு உரிமை இருக்கு. 30 நாள் தாண்டிட்டா முதல்ல ரிப்பேர் இல்ல மாத்திக் குடுக்கச் சொல்லலாம், ஆறு மாசத்துக்குள்ளன்னா குறை முதல்லயே இருந்துச்சுன்னுதான் சட்டம் எடுத்துக்கும், இல்லன்னு நிரூபிக்க வேண்டியது கடைக்காரன் பொறுப்பு. வாயில வச்சது, ஹைஜீன்னு சொல்றதெல்லாம் பிடிக்கலன்னு திருப்பிக் குடுக்கிற பொருளுக்குத்தான், ரிப்பேரான பொருளுக்கு அது பொருந்தாது, சுவத்துல நோ ரீஃபண்ட்னு போர்டு மாட்டினாலும் சட்டம் மாறாது. ரசீது தொலைஞ்சா பேங்க் ஸ்டேட்மென்ட் காட்டினா போதும், அதனால இனிமே கார்டுல குடுங்க. காயில் கருகிப் போறது, பாட் தேய்ஞ்சு போறது மட்டும் இதுல வராது, அது ஒண்ணு ரெண்டு வாரத்துல மாத்த வேண்டிய பொருள்தான். கோபப்படாம, கூட்டம் இல்லாத நேரத்துல போய், இட் இஸ் ஃபால்ட்டி, அண்டர் தி கன்ஸ்யூமர் ரைட்ஸ் ஆக்ட் ஐ வான்ட் மை மணி பேக்னு அமைதியா சொல்லுங்க, சட்டத்தோட பேரைக் கேட்டாலே குரல் மாறும். அப்பவும் மாட்டேன்னா மேல சொன்ன அதே நம்பர்தான்.

புது பாட்டை எப்படி உபயோகிக்கணும்னு கொஞ்சம் சொல்லிடுறேன், பாதிப் பேர் இதுல கோட்டை விடுறாங்க. பக்கத்துல இருக்க ரப்பர் மூடியைத் திறந்து ஜூஸை ஊத்துங்க, விளிம்பு வரைக்கும் வேண்டாம், கொஞ்சம் காத்துக்கு இடம் விடுங்க. ஊத்தின உடனே இழுக்காதீங்க, பத்து நிமிஷம் அப்படியே நிக்க வைங்க, காயிலைச் சுத்தி உள்ள பஞ்சு நனையணும், நனையாம சூடு பண்ணா பஞ்சு கருகிடும், ஒரு தடவை கருகினா அந்த ருசி போகவே போகாது. இழுக்கும்போது சிகரெட் மாதிரி வெடுக்குனு பலமா இழுக்காதீங்க, ஜூஸ் வாய்க்கு வந்துடும். நிதானமா மூணு நாலு செகண்ட், வாய்க்கு இழுத்து அப்புறம் உள்ள வாங்குங்க. சிகரெட்ல நிகோடின் ஏறுற வேகம் வேப்ல இருக்காது, அதனால தவிப்பு முத்தின அப்புறம் எடுக்காம, கொஞ்சம் முன்னாடியே நாலஞ்சு இழுப்பு இழுத்துட்டு வச்சுடுங்க, நாள் முழுக்க அப்படி. முதல் வாரம் இருமல், தொண்டை வறட்சி இருக்கும், தண்ணி நிறைய குடிங்க. கிச்சன்ல வேலைங்கிறதால இன்னொண்ணு, அடுப்பு பக்கத்து ஷெல்ஃப்லயோ தந்தூர் பக்கமோ வைக்காதீங்க, சூட்டுல ஜூஸ் இளகி ஒழுகும், பேட்டரிக்கும் ஆபத்து.

டீ, காபியும் கவனிக்கணும், இதை எந்தக் கடைக்காரனும் சொல்ல மாட்டான். சிகரெட் புகையில இருக்க சில ரசாயனங்கள் கல்லீரலைத் தூண்டிவிட்டு காஃபினை வேகமா கரைச்சுடும், அதைச் செய்றது புகைதான், நிகோடின் இல்ல. புகையை நிறுத்தினா அதே அஞ்சு டீ ரத்தத்துல ரொம்ப நேரம் தங்கும், தூக்கம் வராது, கை நடுங்கும், எரிச்சல் வரும், உடனே வேப் ஒத்துக்கலன்னு நினைச்சுத் திரும்ப சிகரெட்டுக்குப் போயிடுவாங்க. டீயைப் பாதியா குறைங்க. மனநல மாத்திரை, ஆஸ்துமாவுக்கு தியோஃபிலின், ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின், சுகர் ஊசி, இதுல எதாவது எடுக்குற வாசகர்கள் சிகரெட்டை நிறுத்துறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்டயோ பார்மசிலயோ கட்டாயம் சொல்லணும், டோஸ் மாத்த வேண்டி வரலாம்.

அடுத்து அந்த ஆறேழு சிகரெட். தம்பி, உங்க அப்பாவுக்கு 52-ல வந்ததை எழுதினீங்க, அதனால இதை நேராவே சொல்றேன். 18-ல இருந்து 6-க்கு வந்தா ஆபத்து மூணுல ஒரு பங்கா குறையும்னு தோணும், இதயத்தைப் பொறுத்தவரைக்கும் அப்படி இல்ல. 2018-ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல நிறைய ஆய்வுகளைச் சேத்துப் பாத்து எழுதினாங்க, ஒரு நாளைக்கு ஒரே ஒரு சிகரெட் குடிச்சாலே, 20 குடிக்கிறவனுக்கு வர்ற கூடுதல் இதய ஆபத்துல பாதிக்கிட்ட வந்துடுதுன்னு. அதனால கடைசி சிகரெட் போற வரைக்கும் வேலை முடியல. ரெண்டு வாரம் ரெண்டையும் கலந்து ஓட்டுறது பரவாயில்ல, அதுக்கு மேல ஒரு தேதி குறிச்சு ரோலிங் சாமான் மொத்தத்தையும் வீட்டை விட்டு வெளிய அனுப்பிடுங்க. அந்த காலை சிகரெட்தான் கஷ்டமா இருக்கும், அதுக்கு பேட்ச் கூட சேத்துக்கலாம், வேப்பும் பேட்ச்சும் சேந்து உபயோகிக்கிறதுல தப்பில்ல, அளவை மட்டும் சர்வீஸ்ல பேசி முடிவு பண்ணுங்க.

சர்வீஸ்னு சொன்னேன்ல, அங்க போகாம நீங்களா கடை கடையா ஏறி காசு செலவு பண்றதுதான் எனக்கு ரொம்ப வருத்தம். உங்க கவுன்சில்ல ஸ்டாப் ஸ்மோக்கிங் சர்வீஸ் இலவசம். 2023-ல அரசாங்கம் ஸ்வாப் டு ஸ்டாப்னு பத்து லட்சம் பேருக்கு வேப் ஸ்டார்ட்டர் கிட் தர்றதா அறிவிச்சாங்க, நிறைய கவுன்சில்ல அது வழியா வேப் கிட்டையே கையில குடுத்துடுவாங்க, உங்க ஏரியால இருக்கான்னு கேளுங்க. என்ஹெச்எஸ், அதான் இங்க அரசாங்க மருத்துவ சேவை, அவங்க நம்பர் 0300 123 1044. தமிழ்ல பேச ஆள் கிடைக்குமான்னும் தயங்காம கேளுங்க. அங்க ஒரு சின்ன மிஷின்ல ஊதச் சொல்லுவாங்க, மூச்சை அடக்கி பதினஞ்சு செகண்ட் வச்சு மெதுவா ஊதணும், உங்க மூச்சுல கார்பன் மோனாக்சைடு எவ்ளோன்னு நம்பர் வரும். உங்க அளவுக்குக் குடிக்கிறவங்களுக்கு 20 கிட்ட வர்றது சாதாரணம். சிகரெட் நிறுத்தி வேப் மட்டும் அடிச்சா ரெண்டு நாள்ல ஒத்தை இலக்கத்துக்கு வந்துடும், ஏன்னா வேப்ல எதுவும் எரியல, கார்பன் மோனாக்சைடும் இல்ல, தாரும் இல்ல. அந்த நம்பரை உங்க வீட்டம்மாவைக் கூட்டிட்டுப் போய்க் காட்டுங்க, நான் பக்கம் பக்கமா எழுதறதை விட அது நல்லா பேசும்.

அவங்க பயப்படுறதை நான் தப்பா எடுத்துக்கல. பாப்கார்ன் நோய்ங்கிறது டயசெட்டில்னு ஒரு வெண்ணெய் ஃப்ளேவர் ரசாயனத்தால வந்தது, பாப்கார்ன் ஃபேக்டரி தொழிலாளிகளுக்கு வந்ததால அந்தப் பேர், பிரிட்டன்ல 2016-ல இருந்தே வேப் ஜூஸ்ல அதை சேக்கக் கூடாது. அமெரிக்காவுல 2019-ல இருந்து 2020 ஆரம்பம் வரைக்கும் நுரையீரல் கெட்டு 2,807 பேர் ஆஸ்பத்திரிக்கு வந்தாங்க, 68 பேர் செத்தாங்க, அதுல பெரும்பாலும் கள்ளச்சந்தையில வாங்கின கஞ்சா வேப்ல கலந்த வைட்டமின் இ அசிடேட்தான் காரணம்னு கண்டுபிடிச்சாங்க. அதனாலதான் திரும்பத் திரும்ப சொல்றேன், கவுன்டருக்கு கீழ இருந்து வர்றதை வாங்காதீங்கன்னு. வேப் சுத்தமா பாதிப்பே இல்லாததுன்னு நான் சொல்ல மாட்டேன், சிகரெட்டே தொடாதவங்க இதைத் தொடக் கூடாது. ஆனா 14 வருஷம் குடிச்ச உங்களுக்கு முன்னாடி இருக்கிறது சிகரெட்டா வேப்பாங்கிற கேள்வி, அதுல சிகரெட்டை விட வேப் ரொம்பக் கம்மி ஆபத்துன்னு ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ்ங்கிற டாக்டர்கள் அமைப்புல இருந்து என்ஹெச்எஸ் வரைக்கும் சொல்றாங்க, நானும் அதான் நினைக்கிறேன். வீட்ல சின்னக் குழந்தை இருந்தா ஜூஸ் பாட்டிலை மருந்து மாதிரி எட்டாத உயரத்துல பூட்டி வைங்க, முழுங்கினா விஷம்.

செலவும் பாத்துக்கோங்க. 2026 அக்டோபர் 1-ல இருந்து வேப் ஜூஸ் மேல 10 மில்லிக்கு 2.20 பவுண்ட் வரி, அதுக்கு மேல வாட் வேற. அப்பவும் ரோலிங்கை விட கம்மியாத்தான் வரும். வரி கட்டாத மலிவு சரக்குன்னு யாராவது நீட்டினா அது எங்க இருந்து வருதுன்னு உங்களுக்கே தெரியும்.

கடைசியா ஊர்ப் பயணம். இந்தியாவுல வேப் தடை 2019-ல முதல்ல அவசரச் சட்டமா வந்து அப்புறம் பார்லிமென்ட்ல சட்டமாவே ஆயிடுச்சு, விக்கிறது, தயாரிக்கிறது, இறக்குமதி பண்றது, ஸ்டாக் வைக்கிறது எல்லாமே குத்தம், விக்கிறது, தயாரிக்கிறது, இறக்குமதிக்கு முதல் தடவைக்கே ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில் இல்ல ஒரு லட்சம் வரைக்கும் ஃபைன், ஸ்டாக் வச்சதுக்கு ஆறு மாசம் வரைக்கும் ஜெயில் இல்ல ஐம்பதாயிரம் வரைக்கும் ஃபைன், ரெண்டும் சேத்தும் போடலாம். சிகரெட்டை விட மோசம்னு தடை பண்ணல, இளவட்டங்க புதுசா பழகிடுவாங்கன்னு பயந்து பண்ணாங்க, ஆனா காரணம் எதுவா இருந்தாலும் சட்டம் சட்டம்தான். தமிழ்நாட்டுல இருந்து இதைப் படிக்கிறவங்களுக்கும் அதான், நான் மேல சொன்ன எந்தக் கடைக் கதையும் உங்களுக்குப் பொருந்தாது, டீக்கடைப் பக்கத்துல ரகசியமா விக்கிறதை வாங்காதீங்க, 1800 112 356-ல இலவசமா தமிழ்ல பேசலாம், மெடிக்கல் ஷாப்ல நிகோடின் கம் இருக்கு. நீங்க வேப்பை வீட்லயே வச்சுட்டுப் போங்க, ஒண்ணுகூட பேக்ல போடாதீங்க, சிங்கப்பூர் வழியா டிக்கெட் போட்டிருந்தா இன்னும் கவனம், அங்க வச்சிருந்தாலே குத்தம், 2025 செப்டம்பர்ல தண்டனையை இன்னும் கூட்டியிருக்காங்க. டிசம்பருக்கு ஒரு மாசம் முன்னாடியே உங்க சர்வீஸ்ல சொல்லி பேட்ச்சும் 2 எம்ஜி இல்ல 4 எம்ஜி கம்மும் வாங்கி, இங்க இருக்கும்போதே ரெண்டு நாள் வேப் இல்லாம அதை மட்டும் வச்சு ஓட்டிப் பாருங்க, பத்தலன்னா அளவைக் கூட்ட அப்ப நேரம் இருக்கும். கம்மை பபிள்கம் மாதிரி மெல்லாதீங்க, காரம் தெரியுற வரைக்கும் மென்னுட்டு கன்னத்துல ஒதுக்கி வைங்க, காரம் போனதும் திரும்ப மெல்லுங்க. ஏர்போர்ட் டியூட்டி ஃப்ரீயில மாமாவுக்கு, சித்தப்பாவுக்குன்னு சிகரெட் கார்ட்டன் வாங்கிட்டுப் போற வழக்கம் இருந்தா இந்த வருஷம் அதையும் விட்டுட்டு சாக்லேட் வாங்கிட்டுப் போங்க.